பூ எங்கிருந்து வந்தது?

சென்ற ஆனி மாதம், மாங்கனித் திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, என் அக்காள் மகள் ஒரு துணிப்பையும் முறம் அகலத்துக்கு ஒரு சித்திரப் புத்தகமுமாகக் காரைக்காலில் வந்து இறங்கினாள். அவள் துணிக் கலை படிக்கிறவள். நெசவு, சாயம், அச்சு, சித்திரம் எல்லாம் சேர்ந்த படிப்பு. எந்தக் கல்லூரி என்பது நமக்கு வேண்டாம். அங்கே ஓர் ஆசிரியை இவள் பாடுபட்டு வரைந்த படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "இது புத்தகத்தில் பார்த்தது. நீ தினமும் கண்ணால் பார்ப்பதை வரைந்துகொண்டு வா, முப்பது தாள்" என்று உத்தரவு.

"உங்கள் ஊரில் வரைய என்ன இருக்கிறது, சித்தி? கடல் ஒன்று, அரசலாறு ஒன்று. இரண்டையும் பஸ்ஸிலேயே பார்த்தாகிவிட்டது. பேசாமல் அப்பா சொன்னபடி பி.காம். சேர்ந்திருக்கலாம்" என்றாள். குரல் வேடிக்கையாகத்தான் இருந்தது. கண் அப்படி இல்லை.

நிராகரிக்கப்பட்ட படத்தை வாங்கிப் பார்த்தேன். செதில் செதிலாக ஒரு பாறைக் குன்று. அதன்மேல் வளைந்து நெளிந்து ஏறும் ஒரு மரம். ஒரே மரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்து வகைப் பூக்கள். லண்டன் கண்காட்சிச் சாலை ஒன்றின் புத்தகத்திலிருந்து எடுத்தாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி பெண்ணே, இது நம் கரையில் முளைத்த மரம்!" என்றேன்.

வாசகர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சோழ மண்டலக் கரை நெடுகத் துணி விளைந்த காலம் அது. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர், நடுவே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். ஒரு நாள் மாட்டு வண்டிப் பயணத்துக்குள் மூன்று அந்நியக் கொடிகள் பறந்தன. நெல் ஒரு காரணம், துணி இன்னொரு காரணம். வடக்கே மசூலிப்பட்டினம் வரையில் இந்தக் கரையின் பெயர் சொன்னது சீட்டித் துணி. நாம் இன்று சீட்டி என்றால் மலிவான அச்சுத் துணி என்று நினைக்கிறோம். அன்று அது கையால், கோலால், ஒவ்வோர் இதழாகத் தீட்டியது. துவைக்கத் துவைக்க நிறம் தெளிந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகள் அதற்குப் பைத்தியமாக அலைந்தார்கள். தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று பிரெஞ்சு அரசு 1686-இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. 1759-இல்தான் அது நீங்கிற்று. இங்கிலாந்தும் பின்னாலேயே சட்டம் போட்டது. தடை போட்ட பிறகு ஆசை குறைந்ததாக எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

அந்த மரம் எப்படி வந்தது? 1643-இல் இங்கிலீஷ் கம்பெனியார் சூரத்திலிருந்த தங்கள் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிவப்புத் தரை விலை போகவில்லை, வெள்ளைத் தரை வேண்டும், நடுவே பூவும் கிளையும் வரட்டும், அதைச் சித்திரக்காரன் தன் இஷ்டப்படி போடட்டும் என்பது கடிதத்தின் சாரம். பிறகு மாதிரிப் படங்களும் கப்பலேறி வந்தன. பாரசீகத்துக் கொடி, சீனத்து மூங்கில், இங்கிலீஷ் தையல் வேலைப் பூ எல்லாம் கலந்த மாதிரிகள். இங்கே ஒரு தாழ்ந்த கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த மனிதர் தம் ஆயுளில் பார்த்தே இராத பூவை வரைய வேண்டியிருந்தது. வெளிக் கோடு மாதிரியில் இருந்தது. இதழுக்கு உள்ளே என்ன போடுவது?

உள்ளேதான் விஷயம். அந்தப் பழைய துணிகளின் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இதழிலும், ஒவ்வோர் இலையிலும் நுணுக்கமான புள்ளிகள், சதுரங்கள், வலைப் பின்னல், அலை அலையான கோடு. சீமைத் தாவரம் எதிலும் அப்படி இல்லை. அவை வீட்டு வாசலிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. இது கதை எழுதுகிறவளின் அனுமானம். சரித்திர ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அனுமானம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 1734-இல் புதுச்சேரிக்கு வந்த பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிஸிலிருந்த ஒரு ரசாயன நிபுணருக்காக, சீட்டி எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு கத்தரித்துக் குறிப்போடு சேர்த்தார். பாரிஸ் இயற்கைச் சரித்திர மியூசியத்தில் அந்தத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. 1742-இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நீண்ட கடிதம் எழுதினார். (சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு உண்டென்று 1767-இல் பாரிஸுக்கு எழுதியவரும் இவரே. விடாமல் கேட்கிற சுபாவம் போலிருக்கிறது.) கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து துணியைத் தோய்ப்பது, இரும்பைப் புளிக்க வைத்துக் கறுப்பு எடுப்பது, படிகாரம் எழுதிச் சாயவேரில் கொதிக்க வைத்துச் சிவப்பு ஏற்றுவது, நீலம் கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டிக்கு அனுப்புவது, ஆட்டுப் புழுக்கை கலந்த நீரில் ஊற வைத்து வெயிலில் வெளுப்பது என்று ஒன்று பாக்கியில்லை. எந்தத் தண்ணீரில் சிவப்பு நன்றாகப் பிடிக்கும் என்பதைக்கூட விசாரித்திருக்கிறார்.

பூ எங்கிருந்து வந்தது என்பது அவர்களுடைய விசாரணையில் இல்லை. அவர்களுக்கு வேண்டியது செய்முறை. அது போய்ச் சேர்ந்தது. 1760-இல் பாரிஸுக்கு அருகே ஷூய் என்ற ஊரில் ஓபர்காம்ப் அச்சுத் துணி ஆலை தொடங்கினார். பின்னர் இயந்திர உருளைகள் வந்தன. நம் கரையில் கோல் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக வேறு வேலைக்குப் போயின. அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? பாதிரியாரின் பெயர் தெரிகிறது. கப்பல் அதிகாரியின் பெயர் தெரிகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மருமாள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாதிரியைத் துணியில் எப்படி ஏற்றினார்கள், சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

காகிதத்தில் வரைந்து, கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்தி, துணிமேல் விரித்து, கரித்தூள் முடிந்த துணிப் பொட்டணத்தால் தட்டுவார்கள். ஓட்டை வழியே கரி இறங்கும். காகிதத்தை எடுத்தால் புள்ளி வரிசையாகப் பூ நிற்கும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

திருவிழாவன்று கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போனோம். பிட்சாடனர் வீதியுலா வருகிறார். மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்து வருகின்றன. கீழே அத்தனை கைகளும் மேலே. கப்பல் வாணிகனான பரமதத்தனின் மனைவி புனிதவதி, கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்த கதையை ஊரே கூடி மறுபடி நடத்துகிறது. என் கையில் ஒரு பழம் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பெண்ணைக் காணோம்.

கடைத் தெருவில் நின்றிருந்தாள். கோலப் பொடி நிரப்பி உருட்டும் ஓட்டைக் குழல் விற்கிற கிழவியின் முன்னால். கிழவி தரையில் ஒரு முழம் உருட்டிக் காட்டினாள். புள்ளி புள்ளியாகத் தாமரைக் கொடி விழுந்தது. "சித்தி, ஊசி குத்திய காகிதம்!" என்று கத்தினாள். பக்கத்தில் பலூன்காரர் பயந்துபோனார்.

அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் தெருவிலிருக்கும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துப் போட்டு, கரைக்குக் கரை பெயர் சொன்னார். மயில்கண், மல்லிமொக்கு, ருத்திராட்சம், முத்துக்கட்டம், கோபுரம், வங்கி, தாழம்பூ. பூ, நகை, கோயில், வீடு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. "தாழம்பூ எங்கே பாட்டி, வெறும் ரம்பப் பல்லாக இருக்கிறதே?" என்றாள் இவள். "மடலின் ஓரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறாயா? விரல் கிழிந்தால் தெரியும்" என்றார் பாட்டி. மறுநாள் காலை வாய்க்கால் கரைத் தாழம்புதருக்குப் போய், விரலைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

மாங்காய்க் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. காஷ்மீரச் சால்வையில் வளர்ந்த அந்த வடிவத்தைச் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரின் தறிகள் நகல் எடுத்தன. உலகம் இன்று அதை அந்த ஊரின் பெயரால் அழைக்கிறது. நம் பாட்டிமார் அதைக் கண்டதும் மாங்காய் என்றார்கள். காரைக்காலில் வேறு என்ன சொல்ல முடியும்?

பதினைந்து நாளில் இருபத்தெட்டுத் தாள் ஆயிற்று. ஊருக்குப் புறப்படும் முதல் நாள் இரவு, என் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தாள். இஸ்திரிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த கரியை அம்மியில் பொடித்தாள். கூடத்தில் அவள் சித்தப்பாவின் பழைய வேட்டியை விரித்து, குத்திய தாளை வைத்து, பொட்டணத்தால் தட்டினாள். தாளைத் தூக்கினாள். வெள்ளை வேட்டியில் பறந்து வரும் ஒரு மாம்பழமும், அதை ஏந்த நீட்டிய நாலைந்து கைகளும் புள்ளிகளாக நின்றன. கையின் உள்ளே ரேகைக்குப் பதில் தாழை மடலின் பல்.

"இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்கிறதே" என்றேன்.

"அதில் அந்தச் சீட்டிக்காரர் முகத்தைப் போடலாம் என்று பார்த்தேன், சித்தி. வரவில்லை" என்றாள்.

வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். கூடம் முழுவதும் கரி. அம்மியைக் கழுவி, தரையைப் பெருக்கி நான் படுக்கும்போது மணி பன்னிரண்டு அடித்துவிட்டது.