கல்லுக்குக் காலம் இருக்கு, காலுக்கு இல்லை!

    

'கொரோனாவால் விளையாட்டில் அதிகம் இழந்தது கோடிகள் புரளும் மைதானமா, கிராமத்து மைதானமா?' தலைப்பு இதுதான். இழந்தது கிராமத்து மைதானமே என்று சொல்ல பெரம்பலூரிலிருந்து வந்திருக்கேன்.

எதிரணி நண்பர் ரொம்ப உருக்கமா பேசினார். ஒலிம்பிக்கே ஒரு வருஷம் தள்ளிப்போச்சு, விம்பிள்டன் நின்னுபோச்சு, ஐ.பி.எல். கேலரி காலியா கிடந்ததுன்னு சொன்னார். கேட்கிறப்போ எனக்கே கண் கலங்கிடுச்சு. கைப்பையைத் திறந்து பத்து ரூபா கொடுக்கலாமான்னு பார்த்தேன். (சிரிப்பு)

கணக்கைப் பார்ப்போம் நடுவர் அவர்களே. 2020 ஐ.பி.எல். செப்டம்பரில் அமீரகத்துக்குப் போச்சு. ரசிகர் இல்லை, டிக்கெட் இல்லை. ஆனா அந்த நவம்பரில் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளரே சொன்னார், வருமானம் சுமார் 4,000 கோடி ரூபாய்னு! 2022 ஜூனில் அடுத்த ஐந்து வருஷத்துக்கு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு ஏலம் போச்சு. விம்பிள்டன்காரங்க கொள்ளைநோய்க்கும் சேர்த்து முன்னாடியே காப்பீடு எடுத்து வச்சிருந்தாங்க. பெருந்தொகை கைக்கு வந்தது. ஆக, பெரிய மைதானம் விழுந்தது உண்மை. ஆனா மெத்தையில் விழுந்தது. எங்க மைதானம் கட்டாந்தரையில் விழுந்தது!

2020 மே முதல் வாரம். கோயம்பேடு சந்தைக்குப் பிழைக்கப் போன எங்க ஜனங்க ஊர் திரும்பினாங்க. அதுவரைக்கும் செய்தியில் அதிகம் வராத அரியலூர், பெரம்பலூர் பேரு தினமும் வந்தது. பள்ளிக்கூடம் பூட்டு, கல்லூரி பூட்டு, விடுதி பூட்டு. திருவிழா இல்லை, அதனால திருவிழாக் கபடியும் இல்லை. கபடி இல்லைன்னா பரிசுப்பணம் மட்டுமா போச்சு? பந்தல் போடுறவர், மைக்செட் கட்டுறவர், ராத்திரி டீக்கடை போடுற அம்மா, எல்லாருடைய அடுப்பும் அணைஞ்சது. உடற்பயிற்சி ஆசிரியர்களில் பாதிச் சம்பளம் வாங்கினவங்க உண்டு. வேலையே போனவங்களும் உண்டு. இவங்களுக்கு எந்தக் காப்பீடு நடுவர் அவர்களே?

எங்க தெருவில் ஒரு பொண்ணு. 400 மீட்டர் ஓட்டம். பிளஸ் ஒன் முடிக்கிற நேரத்தில் ஊரடங்கு வந்தது. அவ போட்ட கணக்கு ரொம்பச் சின்னது. பிளஸ் டூவில் மாநிலப் போட்டிக்குப் போகணும். ஒரு சான்றிதழ் வாங்கணும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம், கட்டணச் சலுகை, விடுதிச் சாப்பாடு. அப்புறம் போலீஸ் வேலை. ஓடுறது அவளுக்குப் பொழுதுபோக்கு இல்லைங்க. அந்தக் குடும்பத்தின் முதலீடு!

மைதானம் பூட்டினதும் சின்ன வெங்காயம் உரிக்கப் போனா. 2021 ஜனவரி 19ஆம் தேதி பிளஸ் டூ வகுப்பு திறந்தாங்க, போட்டி திறக்கலை. மார்ச்சில் இரண்டாம் அலை வந்தது. பரீட்சையும் ரத்தாகி, பள்ளிக்கூட வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு. பள்ளிப் போட்டியில் ஓடுற காலமும் அதோட முடிஞ்சது. அப்போ என்கிட்ட கேட்டா: "அக்கா, அந்த ரெண்டு வருஷத்தைக் கழிச்சுட்டு என் வயசை எழுத முடியாதா?"

நடுவர் அவர்களே, பதில் சொல்லத் தெரியாம நின்னேன்.

அமெரிக்காவில் அப்படித்தான் கழிச்சு எழுதினாங்க! அங்கே கல்லூரி விளையாட்டே கோடிக்கணக்கில் நடக்கிற தொழில். 2020 மார்ச்சில் கூடைப்பந்துப் போட்டி ரத்தானதும், கல்லூரிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்க வேண்டிய 60 கோடி டாலர் 22.5 கோடியாகக் குறைஞ்சது. அந்த நட்டத்திலும், சீசனை இழந்த மாணவர்களுக்கு ஒரு வருஷம் கூடுதலா ஆட அனுமதி கொடுத்தாங்க. ஆனா அங்கேயும் பாருங்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020 ஜூலையில் 11 விளையாட்டை மூடப்போறதா அறிவிச்சது. எதை? பணம் கொழிக்கிற கால்பந்தையா? இல்லை! வாள்வீச்சு, மல்யுத்தம், படகோட்டம்! எதிர்ப்பு கிளம்பின பிறகு 2021 மே மாதம் முடிவை மாத்திக்கிட்டாங்க. பணக்கார வீட்டிலும் பஞ்சம் வந்தா முதல்ல பட்டினி கிடக்கிறது கடைக்குட்டிதான்!

நம்ம நாட்டில்? 2020-21இல் மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்கு முதலில் ஒதுக்கினது சுமார் 2,826 கோடி. திருத்தின கணக்கில் சுமார் 1,800 கோடி. கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி 2020 பிப்ரவரியில் புவனேஸ்வரில் நடந்தது. அடுத்தது எப்போ? 2022 ஏப்ரலில், பெங்களூரில்! நடுவில் கல்லூரியை விட்டு வெளியேறின பிள்ளைகள் எந்த மைதானத்தில் போய் நிற்பாங்க?

எதிரணி நண்பர் கேட்கலாம், "உங்க அரியலூர் செல்வம் கார்த்தி வரலையா?" என்று. வந்தார்! கோவில்பட்டி அரசு விடுதியில் பயிற்சி எடுத்த எளிய வீட்டுப் பிள்ளை. 2022 மே 23, ஜகார்த்தா, ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவுக்காக முதல் ஆட்டம், எதிரே பாகிஸ்தான், அதிலேயே கோல்! (கைதட்டல்) தட்டுங்க, நல்லா தட்டுங்க. ஆனா ஆற்றைத் தாண்டி வந்த ஒருத்தரைக் காட்டி, ஆற்றில் வெள்ளமே இல்லைன்னு சொல்லிடாதீங்க.

சரித்திரம் என்ன சொல்லுது? இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் ரெண்டும் நடக்கலை. 1936இல் மூன்றாவது தங்கம் வாங்கின தயான்சந்துக்கு அதுவே கடைசி ஒலிம்பிக் ஆச்சு. பிராட்மேன் 1938 ஆகஸ்டில் ஆடினார். அவர் ஆடின அடுத்த டெஸ்ட் 1946இல். முப்பதை நெருங்கின வயசில் வச்ச டெஸ்ட் மட்டையை முப்பத்தெட்டில் எடுத்தார். போருக்குப் பிறகு மைதானமெல்லாம் நிரம்பிடுச்சு, வசூலும் திரும்பிடுச்சு. அந்த எட்டு வருஷத்தை பிராட்மேனுக்கு யார் திருப்பிக் கொடுத்தாங்க? பிராட்மேனுக்காவது பேரு மிஞ்சியது. எங்க தெருப் பொண்ணுக்கு என்ன மிஞ்சியது?

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கு. கடல் இருந்த காலத்தில் புதைஞ்ச மரம், கல்லாகிக் கிடக்கு. 12 கோடி வருஷம்னு சொல்றாங்க. அரியலூர் மண்ணைத் தோண்டினா கடல் சிப்பி கல்லா கிடைக்கும். எங்க ஊர்க் கல் எத்தனை கோடி வருஷமானாலும் காத்திருக்கும் நடுவர் அவர்களே. ஆனா எங்க ஊர்ப் பிள்ளையின் கால் காத்திருக்காது! பதினேழு வயசுக் கால் பதினேழு வயசில்தான் ஓடும்.

போன பணம் திரும்பி வரும். போன வயசு வராது. பணம் போட்டவனுக்குப் பணம் திரும்பியது. வயசைப் போட்டவளுக்கு ஒண்ணும் திரும்பலை. அதனால் அதிகம் இழந்தது கிராமத்து மைதானமே என்று நல்ல தீர்ப்பு தாருங்கள் என வேண்டி விடைபெறுகிறேன்.