கதையின் அரசரும் கல்லின் அரசரும்

எங்கள் ஊரில் மாதத்திற்கு ஒருமுறை, இஷாத் தொழுகைக்குப் பின், வாசிப்பில் நாட்டமுள்ள சிலர் கூடி ஒரு நூலைக் குறித்து உரையாடுவது வழக்கம். அவ்வாறு ஓர் இரவு கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ எடுத்துக்கொள்ளப்பட்டது. 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்து, தமிழகத்தையே ஆட்கொண்ட நாவல் அது.

கல்லூரி மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், சிவகாமி வாதாபியில் எத்தனை ஆண்டுகள் சிறையிருந்தார்?” என்று வினவினார். “சிவகாமி என்றொருவர் வாழ்ந்தார் என்பதற்கே சான்றில்லையே, தம்பி! அவர் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டமே எங்களை மண்டகப்பட்டுக்கு அழைத்துச் சென்றது.

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ள சிற்றூர் அது. அங்கே ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்மர் கோயில் அமைத்தார். முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் சிலைகள். உள்ளே மூன்று வெற்று அறைகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவுமின்றி, பிரம்மன், ஈசன், திருமால் ஆகியோர்க்கு விசித்திரசித்தர் எடுப்பித்தது இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. விசித்திரசித்தர் என்பது அவ்வரசரின் விருதுப்பெயர். மாறுவேடம் பூண்டு திரியும் நாவலின் மகேந்திரர் கதாசிரியர் வாயால் பேசுகிறார். இங்கோ அரசர் தாமே தம் செயலைச் சொல்கிறார்.

ஆனால், கல் சொல்வதனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? சாளுக்கியர் தரப்பின் ஐஹொளே கல்வெட்டு (கி.பி. 634), பல்லவ மன்னரைப் புலிகேசி காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தார் என்கிறது. பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரர் புள்ளலூரில் பகைவரை அழித்தார் என்கிறது. அப்பகைவர் யாரெனப் பெயர் கூறவில்லை. இரண்டும் தத்தம் அரசரைப் புகழ வந்த சாட்சிகள். சொன்னவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்று ஹதீஸ் கலை வல்லுநர் அறிவிப்பாளரை ஆராய்ந்த முறை இங்கும் பயன்படும். செய்தியின் உள்ளடக்கத்தையும் எடைபோட வேண்டும் என்பார் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில், மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்னும் செய்தியை, அத்தனை பேர் எப்படி ஒரு களத்தில் அணிவகுத்துப் போரிட முடியும் என்று கேட்டு மறுத்தார்.

திரும்பும் வழியில் செஞ்சிக் கோட்டை தெரிந்தது. மற்றோர் இளைஞர் உற்சாகத்துடன், “தேசிங்கு ராஜனுக்காகத் தன் திருமணத்தையே விட்டுவந்து உயிர் நீத்த மகமத் கான் இருக்கிறாரே, அவராவது மெய்தானே?” என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தனர். ஆமென்று சொல்ல என் நாவும் துடித்தது. தேசிங்கு 1714இல் நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டது வரலாறு. கோட்டைக்குள் அந்நவாப் 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. நண்பரின் தியாகத்தை நமக்குத் தருவதோ கதைப்பாடல். “சிவகாமிக்கு வைத்த அளவுகோலைத்தான் இவருக்கும் வைக்க வேண்டும், தம்பி” என்றேன். நம் மனத்திற்கு இனிக்கிறது என்பதனாலேயே ஒரு செய்தி சான்றாகிவிடாது; நம்மவரைப் புகழும் செய்தியில்தான் கூடுதல் விழிப்பு வேண்டும்.

எனினும் அப்பாடல் வீணன்று. முஸ்லிம் அரசர் இந்து அரசரை வென்ற போரைப் பாடவந்த நாட்டுப்புறப் புலவர், தோற்றவர் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நண்பரை நிறுத்தினார். கேட்ட மக்களும் அதை ஏற்றுப் போற்றினர். மகமத் கானைப் பற்றி அது எதைச் சொன்னாலும், அம்மக்களின் உள்ளத்தைப் பற்றி உண்மையே சொல்கிறது. அதுவும் வரலாறுதான்.

ஆகவே, பிள்ளைகள் கையிலுள்ள நாவலைப் பிடுங்க வேண்டா. அதைப் படித்திராவிட்டால் நாங்கள் மண்டகப்பட்டைக் கண்டிருக்கமாட்டோம். படித்து முடித்ததும், “இதைச் சொன்னவர் யார்?” என்று கேட்க மட்டும் பழக்குவோம்.