மறுதலித்தோரும் மன்னிப்பும்

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ், யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென ஆணையிட்டான். கிறிஸ்தவருள் சிலர் பலியிட்டனர். சிலர் பலியிட்டதாகப் பொய்ச் சான்று பெற்றனர். பின்னர் இவர்கள் சபைக்குத் திரும்ப விழைந்தனர். ஏற்றலாகாது என்றார் ரோமின் நொவாத்தியன். கார்த்தேஜில் சில மூப்பர்களோ உடனே திருவிருந்தளித்தனர்.

பேராயர் சிப்பிரியான் இரண்டையும் மறுத்தார். 251-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம், சான்று பெற்றோரை அவரவர் நிலையை ஆராய்ந்து ஏற்றது. பலியிட்டோரை நெடுநாள் மனவருத்தத்தில் நிலைத்திருக்கப் பணித்தது. மீண்டும் துன்பம் நெருங்கியபோதோ, மனந்திரும்பி நின்ற அனைவருக்கும் சபையின் சமாதானம் அருளப்பெற்றது. போருக்குச் செல்வோரை ஆயுதமின்றி விடலாகாது என்பதே காரணம்.

மன்னிப்பை மறுக்கச் சபைக்கு அதிகாரமில்லை. மனந்திரும்புதலைக் கேளாதிருக்கவும் அதிகாரமில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்குட்பட்டோரைக் குறித்துத் தீர்மானிக்கையில் நாம் இவ்விரண்டையும் பிரிக்கலாகாது.