லிங்கன் அனுப்பாத கடிதம்

"கோபம் வந்தா மனசுல இருக்கிறதையெல்லாம் காகிதத்துல கொட்டிடு, ஆனா அனுப்பாதே." தன்னம்பிக்கைப் புத்தகங்களில் அடிக்கடி வரும் யோசனை இது. கூடவே ஆபிரகாம் லிங்கன் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். உண்மையில் நடந்தது அந்த ஒரு வரியைவிடப் பெரிய கதை.

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 50,000 பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். வடக்குப் படைக்குத் தலைவர் ஜார்ஜ் மீடு. சண்டை தொடங்கும்போது அவர் பொறுப்பேற்று மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் ஜெயித்தார்.

தோற்ற ராபர்ட் லீ தெற்கே திரும்பினார். வழியில் போடோமாக் ஆற்றில் மழை வெள்ளம். அவருடைய மிதவைப் பாலத்தையும் வடக்கின் குதிரைப்படை அழித்துவிட்டிருந்தது. ஆள் வசமாக மாட்டிக்கொண்டார். இத்தோடு போர் முடிஞ்சிடும் என்று லிங்கன் நம்பினார். மீடு தன் தளபதிகளைக் கூட்டி யோசனை கேட்டார். பெரும்பாலானவர்கள் இப்போது தாக்க வேண்டாம் என்றார்கள். ஜூலை 13 இரவு, கிடைத்த மரத்தையெல்லாம் வைத்துப் பாலம் போட்டு லீ அக்கரை போய்ச் சேர்ந்தார்.

அதிபர் கடும் அதிருப்தியில் இருக்கிறார் என்று தலைமைத் தளபதி ஹாலெக் மறுநாளே மீடுக்குத் தந்தி அடித்தார். சுருக்கென்று பட்ட மீடு, என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று பதில் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் லிங்கன் பேனாவை எடுத்தார். கடிதம் நன்றியில்தான் தொடங்குகிறது. போகப் போகக் குரல் மாறுகிறது. லீயைத் தப்பவிட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குப் புரியவில்லை, இனி போர் முடிவில்லாமல் இழுக்கும் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார். எழுதியதை உறைக்குள் போட்டு, மீடுக்கு எழுதியது, அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை என்று மேலே குறித்து வைத்துவிட்டார்.

சுயமுன்னேற்றக் கதை இங்கே நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வாரம் கழித்து நடந்தது. ஜூலை 21 அன்று ஜெனரல் ஹோவர்டுக்கு லிங்கன் ஒரு கடிதம் எழுதினார், இதை அனுப்பவும் செய்தார். லீ தப்பியதில் ரொம்பவே நொந்துபோனேன், சில நாள் போன பிறகு, நடக்காததைக் குறை சொல்லாமல் நடந்ததற்கு நன்றியோடு இருக்கிறேன், மீடு மீது நம்பிக்கை இருக்கிறது என்கிறார். ஒரே மனிதர், ஒரே விஷயம், நடுவில் ஏழு நாள். முதல் கடிதம் போயிருந்தால் இரண்டாவதை எழுத இடமே இருந்திருக்காது. சொல்லப்போனால் அந்தக் கோபம் நியாயமானதா என்பதே சந்தேகம்தான். லீயின் அரண்கள் பலமானவை. அன்று மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிதானம் அவருக்குப் பிறவிக் குணம் இல்லீங்க. 1842இல் இல்லினாயின் மாநிலத் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கிண்டலடித்து, புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஷீல்ட்ஸ் சண்டைக்கே அழைத்துவிட்டார். இரண்டு பேரும் கத்தியோடு மிசோரிக் கரைக்குப் போய் நின்றார்கள். நண்பர்கள் புகுந்து சமாதானம் செய்யாவிட்டால் அமெரிக்க வரலாறே வேறு. பிற்காலத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே லிங்கனுக்குப் பிடிக்காதாம்.

பிறகும் வழுக்கினார். 1862 அக்டோபர் 25 அன்று, குதிரைகள் களைத்துவிட்டன என்று சாக்குச் சொன்ன மக்ளெல்லனுக்கு, அப்படிக் களைக்க உங்கள் குதிரைகள் செய்ததுதான் என்ன என்று குத்தலாகக் கேட்டார். தந்தியாச்சே, உடனே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, அநியாயம் செய்திருந்தால் வருந்துகிறேன் என்று இன்னொரு செய்தி அனுப்ப வேண்டியதாயிற்று. மீடு விஷயத்திலும் தந்தி அலுவலகம் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது.

எழுதிக் கொட்டியதால் கோபம் வடிந்தது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில் 600 மாணவர்களுக்குக் கோபமூட்டினார்கள். கோபப்படுத்தியவரையே நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். லிங்கன் விஷயத்திலும் எழுதியதைவிட மூடி வைத்ததுக்கும், நடுவில் போன நாட்களுக்கும்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

மீடு 1872இல் இறந்தார். அந்தக் கடிதம் கடைசிவரை அவர் கைக்குப் போகவில்லை. 1865 ஏப்ரலில் லீ சரணடைந்தபோதும் அதே படைக்கு மீடுதான் தளபதி.