வயித்துல பை: ஒரு ஒழுகலோட வரலாறு

கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கிற விஷயம்தான். சாப்பிட்டுக்கிட்டே பதிவு படிக்கிற பழக்கம் இருக்கிறவங்க கை கழுவிட்டு வந்து படிங்க. கொஞ்சம் நீளமான பதிவும் கூட, பொறுத்துக்கங்க.

"அவருக்கு வயித்துல பை வெச்சிருக்காங்க." நம்ம பக்கம் இதைச் சொல்லும்போது குரல் தானா இறங்கிடும். கேக்கிறவரும் அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டார். குடல்ல புத்துநோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், விபத்து, பிறவிக் குறை இப்படி ஏதோ ஒரு காரணத்தால மலம் வழக்கமான வழியில போக முடியாதப்போ, குடலோட ஒரு முனையை வயித்துத் தோல்ல திறந்து விடுவாங்க. அந்த வாய்க்குப் பேர் ஸ்டோமா. பெருங்குடலா இருந்தா கொலாஸ்டமி, சிறுகுடலோட கடைசிப் பகுதியா இருந்தா இலியாஸ்டமி. அந்த வாயை மூடித் திறக்க தசை எதுவும் கிடையாது. அடக்கி வைக்கிற பேச்சே இல்லை. அதனால வெளியே ஒரு பை ஒட்டியாகணும்.

அறுவை சிகிச்சையோட வரலாற்றை நிறைய பேர் எழுதியிருக்காங்க. நான் எழுத நினைச்சது அந்தப் பையோட வரலாறு. இன்னும் சரியாச் சொன்னா, பை ஒழுகாம இருக்க மனுஷன் 200 வருஷத்துக்கு மேல பட்ட பாட்டோட வரலாறு.

பஞ்சும் தோல்பையும்

1710-ல அலெக்சி லித்ரேன்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர், ஆசனவாய் சரியா உருவாகாம இறந்துபோன ஒரு பச்சைக் குழந்தையோட உடம்பைப் பரிசோதிச்சார். குடலை வயித்து வழியா வெளியே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருக்குமேன்னு யோசனை சொன்னார். சொன்னதோட சரி, செய்யலை. 1776-ல ரூவான் நகரத்துல பில்லோர் என்கிற மருத்துவர் செஞ்சு பார்த்தார். நோயாளி ஒரு ஒயின் வியாபாரி. குடல் அடைப்பு எடுக்கணும்னு முன்னாடி பார்த்தவங்க அவருக்குப் பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்திருந்தாங்க. திறந்த வழி வேலை செஞ்சுது. ஆனா உள்ளே தங்கிப்போன பாதரசத்தால 28 நாள்ல இறந்துட்டார். அந்த 28 நாளும் வயித்துத் துளைக்கு மேல ஒரு பஞ்சை வெச்சு, பட்டையால இழுத்துக் கட்டியிருந்தாங்க. அதுதான் அன்னிக்கு ஏற்பாடு.

1793-ல ப்ரெஸ்ட் நகரத்துல துரே என்கிறவர் பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இதே ஆபரேஷனைச் செஞ்சார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயசு வரைக்கும் வாழ்ந்துச்சு. 1795-ல டாகசோ என்கிறவர், வயித்துல குத்துப்பட்ட ஒரு விவசாயிக்குச் செஞ்சார். அவர் 81 வயசு வரைக்கும் இருந்தார். மலத்தைப் பிடிக்க ஒரு சின்னத் தோல்பையை இடுப்புல கட்டிக்கிட்டாராம். நமக்குத் தெரிஞ்ச முதல் பை ஏறக்குறைய அதுதான்.

எனக்கு இதுல ஆச்சரியம் என்னன்னா, ஆபரேஷன் யார் செஞ்சார், எப்படிச் செஞ்சார்னு பக்கம் பக்கமா குறிப்பு இருக்கு. அந்த 45 வருஷத்தை அந்த மனுஷன் எப்படி ஓட்டினார், எத்தனை துணி நனைஞ்சுது, யார் துவைச்சாங்க? மூச்சு விடலை யாரும்.

1908-ல இங்கிலாந்துல எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடல் புத்துநோய்க்கு மலக்குடலையே முழுசா எடுத்துட்டு நிரந்தர கொலாஸ்டமி வைக்கிற முறையை எழுதினார். அதுக்கப்புறம் பையோட வாழ்றவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போச்சு. பை மட்டும் பெரிசா மாறலை. துணிப் பட்டை, இடுப்பு பெல்ட்டுல மாட்டின கிண்ணம், ரப்பர் பை. ரப்பர்ல நாத்தம் ஏறிடுச்சுன்னா எத்தனை கழுவினாலும் போகாது. பெல்ட்டை இறுக்கினா புண்ணு, தளர்த்தினா ஒழுகல்.

ஏன் ஒழுகுது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதிக் கதை சுலபம். பெருங்குடல்ல இருந்து வர்றது ஓரளவு கெட்டியா இருக்கும். சிறுகுடல்ல இருந்து வர்றது தண்ணி மாதிரி இருக்கும், அதோட சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நொதிகளும் சேர்ந்தே வரும். நொதிக்குச் சோறுன்னும் தெரியாது, தோலுன்னும் தெரியாது. பைக்கும் தோலுக்கும் நடுவுல கொஞ்சம் கசிஞ்சா தோல் வெந்து ஈரமாயிடும். ஈரத் தோல்ல பசை ஒட்டாது. பசை ஒட்டலைன்னா இன்னும் கசியும். இந்தச் சுழல்ல மாட்டினவங்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது.

1940-கள்ல சிகாகோவுல ஆல்ஃபிரெட் ஸ்ட்ராஸ் என்கிற சர்ஜனோட நோயாளி கோனிக். கெமிஸ்ட்ரி படிச்ச இளைஞர். தனக்கு வந்த கஷ்டத்துக்குத் தானே வழி தேடி, ரப்பர் பையை லேடெக்ஸ் பசையால நேரா தோல்ல ஒட்டுற யோசனையைக் கொண்டு வந்தார். ரட்சன் என்கிறவர் அதைத் தயாரிச்சார். கோனிக்-ரட்சன் பைன்னு பேர் வந்தது. வலிக்கிறவன்தான் வழி கண்டுபிடிக்கிறான்.

1952-ல பர்மிங்காம்ல பிரையன் ப்ரூக் என்கிற சர்ஜன் ஒரு சின்ன மாற்றம் செஞ்சார். அதுவரைக்கும் குடல் முனையைத் தோலோட சமமா தெச்சு விட்டாங்க. அதனால வர்றதெல்லாம் தோல்மேலயே வழியும். ப்ரூக், முழுக்கைச் சட்டையோட நுனியை மடிச்சு விடுற மாதிரி குடல் முனையை வெளிப்பக்கமா மடிச்சுத் தெச்சார். சின்னக் குழாய் வாய் மாதிரி தோலுக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கும். வர்றது நேரா பைக்குள்ள விழும். கேக்க அல்பமா இருக்கு இல்லையா? இன்னிக்கும் இலியாஸ்டமின்னா அப்படித்தான் தைக்கிறாங்க.

தோராவும் எலிஸும்

இந்தப் பதிவை எழுதத் தூண்டினதே இந்த அக்கா தங்கச்சி கதைதான். டென்மார்க்ல எலிஸ் சோரன்சன்னு ஒரு நர்ஸ். அவங்க சகோதரி தோராவுக்குப் புத்துநோய்னால ஸ்டோமா வெச்சாங்க. ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா தோரா வீட்டை விட்டு வெளியே போறதை நிறுத்திட்டாங்க. எங்கயாவது நாலு பேர் நடுவுல ஒழுகிட்டா? அந்த பயம்தான் காரணம்.

1954-ல எலிஸுக்கு ஒரு யோசனை. பையிலயே ஒட்டுற வளையம் இருக்கணும், உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடுற மாதிரி இருக்கணும். சில கம்பெனிகள்ல கேட்டாங்க, யாரும் மசியலை. ஓகே லூயி-ஹான்சன்னு பிளாஸ்டிக் பை தயாரிக்கிற ஒரு இன்ஜினியர்கிட்ட போனாங்க. அவரும் முதல்ல முடியாதுன்னுட்டார். அவர் மனைவி யோஹானா ஒரு நர்ஸ். அவங்களுக்கு இது என்னன்னு உடனே புரிஞ்சுது. "செய்யுங்க"ன்னு விடாம நின்னாங்க. முதல்ல 1000 பை தயாராச்சு. 1957-ல அதுவே கோலோபிளாஸ்ட்னு ஒரு கம்பெனியாச்சு, இன்னிக்கு உலகம் பூரா பேர் தெரிஞ்ச கம்பெனி. ரெண்டு நர்ஸும் வீட்டுக்குள்ளயே இருந்த ஒரு சகோதரியும் இல்லேன்னா அது இல்லை.

கோந்து நம்ம ஊர்ச் சரக்கு

அமெரிக்காவுல க்ளீவ்லண்ட் க்ளினிக்ல ரூபர்ட் டர்ன்புல்னு ஒரு சர்ஜன். கரயா கோந்தை ஸ்டோமாவைச் சுத்தி உபயோகிக்கலாம்னு கண்டுபிடிச்சது அவர். பல்செட் ஒட்டறதுக்கு அந்தக் கோந்துப் பொடி ஏற்கெனவே புழக்கத்துல இருந்துச்சு. ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே ஒட்டுறதுதான் அதோட விசேஷம். மேலே சொன்ன சுழலை உடைக்க வேண்டியதும் அதேதான். இந்தக் கோந்து எங்கேர்ந்து வருது தெரியுமா? நம்ம நாட்டுலேர்ந்து. ஆந்திரா, மத்தியப் பிரதேசக் காடுகள்ல ஆதிவாசிகள் மரத்துல வெட்டுப் போட்டு, வடிஞ்சு இறுகினதைச் சுரண்டி எடுத்து விக்கிற கோந்து. அது ஓஹையோவுல ஒருத்தர் வயித்துல போய் ஒட்டியிருக்கு.

1970-கள்ல இன்னொரு நல்ல பசை வந்துச்சு. வாய்ப்புண்ணு மேல ஒட்டறதுக்காக ஸ்குவிப் கம்பெனி வெச்சிருந்த ஒராஹெசிவ். ஜெலட்டின், பெக்டின், செல்லுலோஸ் சேர்ந்த கலவை. வாய்க்குள்ள ஈரத்துல ஒட்டுறது வயித்துல ஒட்டாதான்னு ஸ்டோமாஹெசிவ் ஆக்கினாங்க. இன்னிக்குக் கிடைக்கிற தட்டுகள்ல பாதிக்கு மேல அந்தக் குடும்பம்தான்.

டர்ன்புல்லோட இன்னொரு பெரிய காரியம் நார்மா கில். அவங்களே அவர்கிட்ட இலியாஸ்டமி பண்ணிக்கிட்ட நோயாளி. டாக்டர் பட்டமோ நர்ஸ் படிப்போ கிடையாது. 1958-ல அவங்களையே வேலைக்கு வெச்சு, மத்த நோயாளிகளுக்குப் பை மாட்டக் கத்துக்கொடுக்கச் சொன்னார். 1961-ல அது ஒரு பயிற்சிப் பள்ளியா வளர்ந்துச்சு. 1978-ல உலக அளவிலான அமைப்பு ஆரம்பிச்சப்போ முதல் தலைவர் நார்மா கில்தான்.

எங்க பெரியப்பா விஷயம்

இவங்க சொல்லிக்கொடுத்த பாடங்கள்ல முக்கியமானது: ஆபரேஷனுக்கு முன்னாடியே ஸ்டோமா எங்க வரணும்னு நோயாளியை உக்கார வெச்சு, நிக்க வெச்சு, குனிய வெச்சுப் பார்த்து குறி போடணும். படுத்திருக்கும்போது சமமா தெரியற வயிறு உக்கார்ந்தா மடிப்பு விழும். மடிப்புல பை ஒட்டாது.

எங்க பெரியப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில (எதுன்னு வேண்டாம்) ஆபரேஷன் பண்ணினாங்க. யாரும் குறி போடலை. கரெக்டா வேட்டி கட்டுற இடத்துல ஸ்டோமா. குனிஞ்சா மடிப்பு, நிமிர்ந்தா வேட்டி முடிச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு பை ஒழுகும். ஒரு பை சில நூறு ரூபாய், அதனால ஒழுகினதையே பிளாஸ்டர் போட்டு ஒட்டி ஒப்பேத்துவார். உள்ளே தோல் வெந்துபோச்சு. கல்யாணத்துக்குப் போறதை நிறுத்தினார், பஸ்ல ஏறுறதை நிறுத்தினார், எங்கயாவது போயே ஆகணும்னா முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தினார். "நாத்தம் வருதாடா?"ன்னு என்கிட்ட ரகசியமா கேப்பார். டென்மார்க் தோராவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவுல 50 வருஷத்துக்கு மேல இடைவெளி.

அப்புறம் வேற ஊர்ல ஸ்டோமா பயிற்சி எடுத்த ஒரு சிஸ்டர் கிடைச்சாங்க. அரை மணி நேரத்துல மாத்திட்டாங்க. மடிப்புல பேஸ்ட் போட்டு நிரப்பி, நடுவுல குழிவில்லாம மேடா இருக்கிற தட்டு ஒட்டினாங்க. வேட்டியை ஸ்டோமாவுக்கு மேலே ஏத்திக் கட்டச் சொன்னாங்க. அவங்க சொன்னதை நான் எழுதி வெச்சேன்:

- தட்டுல வெட்டுற ஓட்டை ஸ்டோமாவை விட 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிசா இருக்கணும். ஆபரேஷன் ஆன முதல் 6, 8 வாரம் ஸ்டோமா சுருங்கிக்கிட்டே வரும், அதனால அளவை மறுபடி மறுபடி எடுக்கணும்.
- பை மூணுல ஒரு பங்கு நிரம்பினதுமே காலி பண்ணிடணும். கனம்தான் தட்டை இழுத்துப் பெயர்க்கும்.
- தோல் சுத்தமா, நல்லா காய்ஞ்சிருக்கணும். தேங்காய் எண்ணெய், பவுடர் வாசனையெல்லாம் கூடாது.
- ஒட்டினதும் ஒரு நிமிஷமாவது உள்ளங்கையை மேல வெச்சு அழுத்தணும். சூட்டுல பசை பிடிக்கும்.
- காலையில வெறும் வயித்துல மாத்தினா வரத்து கம்மி.
- அரிப்போ எரிச்சலோ வந்தா உள்ளே கசியுதுன்னு அர்த்தம். மேல பிளாஸ்டர் போடாம கழட்டி மாத்தணும்.
- சாப்பாட்டையும் தண்ணியையும் நிறுத்தவே கூடாது. இலியாஸ்டமிக்காரங்களுக்கு உடம்புல தண்ணி சீக்கிரம் வத்திடும்.
- வெளியே போனா வெட்டி வெச்ச தட்டு ஒண்ணு, பை ஒண்ணு, துணி, ஒரு பிளாஸ்டிக் கவர் கைப்பையில இருக்கணும்.

அந்த வருஷம் பெரியப்பா ரெண்டு கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில கடைசி இலையில உக்காரலை.

சர்ஜன் உயிரைக் காப்பாத்தினார், சந்தேகமில்லை. ஆனா அந்த உயிரை நாலு பேர் நடுவுல கொண்டு போய் உக்கார வெச்சவங்க பட்டியல் வேற: ஒரு மாணவர், நர்ஸ்கள், ஒரு நோயாளி, காட்டுல கோந்து எடுத்தவங்க. நம்ம ஊர்ல பையும் கிடைக்குது, பசையும் கிடைக்குது. குறி போட்டு, கத்துக்கொடுக்கிற ஆள்தான் எல்லா ஊர்லயும் கிடைக்கலை. உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது இந்த ஆபரேஷன் வரப்போகுதுன்னா, "பை எங்க வரும்னு உக்கார வெச்சுப் பார்த்தீங்களா?"ன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. புடவை கட்டுறவங்களுக்கு உள்பாவாடை நாடா வர்ற இடத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிற ஆசாமி. தோல் புண்ணாகியிருந்தாலோ, ஸ்டோமா நிறம் கறுத்தாலோ, எதுவும் வராம வயிறு வலிச்சாலோ பதிவு படிச்சுக்கிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.