70,000 ஒளியாண்டுகளும் ஒரு கசங்காத சீருடையும்

1995 ஜனவரி 16 அன்று அமெரிக்காவில் யு.பி.என். என்ற புதிய தொலைக்காட்சி அலைவரிசை பிறந்தது. அன்றிரவு அது மக்கள் முன் வைத்தது 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் இரண்டு மணி நேரத் தொடக்க அத்தியாயத்தை. ஏழு பருவங்கள் ஓடி 2001 மே 23 அன்று முடிவுற்ற அந்தத் தொடர், அறிவியல் புனைவு ரசிகர்களிடையே ஒரு விசித்திரமான இடத்தைப் பெற்றிருக்கிறது. அதை வெறுப்பவர் குறைவு. ஆனால் விரும்புகிறவர்கள்கூட அதைப் பற்றிப் பேசும்போது, நடந்த கதையைவிட நடந்திருக்கக்கூடிய கதையையே அதிகம் பேசுகிறார்கள்.

கதையின் வித்து அத்தனை வலுவானது. கூட்டமைப்பு தன் எல்லையிலிருந்த சில குடியேற்றங்களைக் கார்டாசியர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்துகொள்கிறது. தம் மண்ணை விட மறுத்த மக்கள் ஆயுதம் ஏந்துகிறார்கள். இவர்களே 'மாக்கி' இயக்கத்தினர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் புதர்க்காடுகளில் மறைந்து போரிட்ட பிரெஞ்சுப் போராளிகளின் பெயர் அது. இந்த இயக்கம் வாயேஜருக்காகவே உருவாக்கப்பட்டு, 1994லேயே முந்தைய இரு தொடர்களில் அறிமுகமும் செய்யப்பட்டது. ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் ஆகிய மூவரும் அந்த அளவுக்கு முன்யோசனையுடன் நிலத்தைப் பண்படுத்தியிருந்தார்கள்.

ஒரு மாக்கிக் கலத்தைத் துரத்திச் செல்லும் வாயேஜர், அந்தக் கலத்தோடு சேர்ந்தே விண்மீன் மண்டலத்தின் மறுகோடிக்கு வீசப்படுகிறது. பூமி 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால். முழுவேகத்தில் சென்றாலும் 75 ஆண்டுகள். திரும்பும் ஒரே வழியாக இருந்த கட்டமைப்பை, ஓர் எளிய இனத்தைக் காப்பதற்காக கேப்டன் கேத்ரின் ஜேன்வே தன் கையாலேயே அழிக்கிறார். பிடிக்க வந்தவர்களும் பிடிபட வேண்டியவர்களும் இனி ஒரே கூரையின்கீழ். போதாக்குறைக்கு, மாக்கித் தலைவன் சகோடே நம்பியிருந்த டூவாக், ஜேன்வே அனுப்பிய ஒற்றன் என்பதும் வெளிப்படுகிறது. காட்டிக்கொடுக்கப்பட்டவனும் காட்டிக்கொடுத்தவனும் இனி தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். ஒரு நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள்ளாகவே சகோடே ஸ்டார்ஃப்ளீட் சீருடை அணிந்து, துணைத் தளபதியாக ஜேன்வேக்கு அருகில் நிற்கிறார். மாக்கியினரை அடையாளம் காட்ட எஞ்சியது கழுத்துப்பட்டையில் குத்தியிருக்கும் சற்றே வேறு வடிவான பதவிச் சின்னம் மட்டும்தான். இரண்டாம் அத்தியாயத்தில் மாக்கிப் பெண்ணான பெலானா டோரஸ், தலைமைப் பொறியாளர் பதவிக்குப் போட்டியாக இருந்த கேரியின் மூக்கை உடைக்கிறாள். பதவி அவளுக்கே போகிறது. கேரி பெருந்தன்மையுடன் ஒதுங்கிக்கொள்கிறார். முதல் பருவத்துக்குப் பின் ஏறக்குறைய மறைந்துபோகும் அவர், ஏழாம் பருவத்தில் பூமியை நெருங்கும் வேளையில் திடீரெனத் தோன்றிக் கொல்லப்படுகிறார். தன் இடத்தை இழந்த ஒரு மனிதன் ஏழாண்டுகள் அந்த இயந்திர அறையில் என்ன நினைத்துக்கொண்டு வேலை பார்த்தான் என்பதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

1997இல் வந்த ஓர் அத்தியாயம் இதைத் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறது. மாக்கியினர் கலகம் செய்து கலத்தைக் கைப்பற்றும் நாடகமொன்று கணினியில் கிடைக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிக்காக டூவாக் எழுதத் தொடங்கி, இனித் தேவையில்லை என்று பாதியில் விட்டது. மாலுமிகள் அனைவரும் அதை ஆவலோடு ஆடிப் பார்க்கிறார்கள். மிச்சத்தை எழுதச் சொல்லி நச்சரிக்கிறார்கள். பார்வையாளர் மூன்றாண்டுகளாக எதிர்பார்த்த கலகம், பொழுதுபோக்கு அறையில் விளையாட்டாகத்தான் நடந்தது.

பொருள்களின் கதையும் இப்படியே. கலத்தில் 38 டார்பிடோக்கள்தான் உள்ளன, தீர்ந்தால் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை என்று தொடக்கத்திலேயே ஓர் உரையாடல் வருகிறது. ரசிகர்கள் விடாமல் எண்ணிவந்தார்கள். 38 தாண்டியது, அதன்பின் வெகுதூரம் தாண்டியது. விளக்கம் வரவில்லை. உணவுக்கு ரேஷன் வைத்த கலத்தில் பொழுதுபோக்கு அறை மட்டும் ஓய்வின்றி இயங்கியதைப் பற்றி நான் ஏதும் சொல்லப் போவதில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு, செயல்களின் விளைவு அழிக்கப்பட்டது. 1996இல் வந்த 'டூவிக்ஸ்' இந்தத் தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று. விபத்தொன்றில் டூவாக்கும் நீலிக்ஸும் கலந்து ஒரே மனிதனாகிறார்கள். புதியவனுக்குத் தனி மனமும் வாழும் ஆசையும் உண்டு. இருவரையும் மீட்க வேண்டுமானால் அவன் அழிய வேண்டும். அவன் கெஞ்சுகிறான், கலத்தின் மருத்துவர் அதைச் செய்ய மறுக்கிறார், ஜேன்வே தானே செய்து முடித்துவிட்டு, சொல்லின்றி வெளியேறி நடைவழியில் நடக்கிறார். கேட் மல்க்ரூவின் முகத்தில் அந்த ஒரு கணத்தில் தெரிவதை வைத்தே ஒரு பருவத்தை எழுதியிருக்கலாம். அடுத்த வாரம் அதைப் பற்றி எவரும் பேசவில்லை.

1997 நவம்பரில் வந்த 'இயர் ஆஃப் ஹெல்' இன்னும் வெளிப்படையான உதாரணம். கலம் சிறிது சிறிதாகச் சிதைகிறது. டூவாக் பார்வையை இழக்கிறார். மாலுமிகளில் பெரும்பாலோர் கலத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். வாயேஜர் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருந்த இரண்டு வாரங்கள் அவை. இதை ஒரு பருவம் முழுக்க நீட்டும் எண்ணம் தனக்கு இருந்ததாக எழுத்தாளர் பிரானன் பிராகா பின்னர் கூறினார். கிடைத்ததோ இரண்டு அத்தியாயங்கள். இறுதியில் காலம் திருத்தப்பட, நடந்தது எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் நினைவில்லை.

1999இல் வந்த 'ஈக்வினாக்ஸ்' கதையில், அதே வெளியில் தொலைந்த இன்னொரு ஸ்டார்ஃப்ளீட் கலம் எதிர்ப்படுகிறது. பட்டினியும் மரணமும் கண்ட அதன் மாலுமிகள், வேற்றுயிர்களைக் கொன்று அவற்றின் உடலையே எரிபொருளாக்கியவர்கள். அவர்களில் எஞ்சிய ஐவர், பதவி பறிக்கப்பட்டு வாயேஜரில் சேர்க்கப்படுகிறார்கள். பிறகு அந்த ஐவரை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

சகோடேயின் கதை இவற்றிலிருந்து வேறு வகையானது, ஏனென்றால் அதில் உண்மையான மக்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்த ஒருவர் தொடரின் இரண்டாவது முக்கியப் பாத்திரமாவது அன்று பெரிய காரியம். நிலம் பறிக்கப்பட்ட வரலாறுடைய ஒருவன், மீண்டும் ஓர் ஒப்பந்தத்தால் நிலம் பறிபோகும்போது ஆயுதம் ஏந்துகிறான் என்பதில் எத்தனை ஆழம் இருந்திருக்கும்! ஆனால் தயாரிப்பாளர்கள் ஆலோசனைக்கு அமர்த்தியது ஜமாக்கே ஹைவாட்டர் என்பவரை. அவர் தன்னைத் தொல்குடியினர் என்று சொல்லிக்கொண்டது பொய் என 1984லேயே பத்திரிகைகளில் அம்பலமாகியிருந்தது. விளைவு, எந்தக் குடியையும் சேராத, பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சடங்குகள். 1995இல் வந்த 'டாட்டூ' அத்தியாயம், அவருடைய மூதாதையரின் பண்பாடே வேற்றுக்கிரகவாசிகள் அளித்த கொடை என்று சொல்லும் அளவுக்குச் சென்றது. சகோடேயாக நடித்த ராபர்ட் பெல்ட்ரான் தன் பாத்திரம் எழுதப்பட்ட விதம் குறித்த அதிருப்தியை வெளிப்படையாகவே பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திறமை இல்லாததால் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. 1997இல் ஜெரி ரையன் ஏற்ற செவன் ஆஃப் நைன் பாத்திரமும், ராபர்ட் பிகார்டோ ஏற்ற ஒளியுரு மருத்துவரும் பருவத்துக்குப் பருவம் மாறி வளர்ந்தவர்கள். காரணம் வணிகத்தில் இருந்தது. மறுஒளிபரப்பில் எந்த அத்தியாயத்தை எந்த வரிசையில் காட்டினாலும் புரிய வேண்டும் என்பது அன்றைய விதி. வாயேஜரோ ஒரு புதிய அலைவரிசையையே தோளில் சுமந்த தொடர். அதை வைத்துச் சூதாட எவரும் துணியவில்லை. அதே ஆண்டுகளில் தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டு, மேலிடத்தின் கண்காணிப்பு குறைவாக இருந்த 'டீப் ஸ்பேஸ் நைன்', ஒரு நெடும்போரையே பருவக்கணக்கில் தொடர்ச்சியாகச் சொல்லிவிட்டது. கவனிக்கப்படாத பிள்ளை சுதந்திரமாக வளர்ந்தது.

அங்கே எழுதிய ரொனால்ட் டி. மூர், அந்தத் தொடர் முடிந்ததும் 1999இல் வாயேஜருக்கு வந்தார். சில வாரங்களில் வெளியேறினார். பின்னர் அளித்த நீண்ட பேட்டியொன்றில், கலம் ஏன் எப்போதும் புதிதாகவே இருக்கிறது, வீடு தொலைத்த இம்மக்கள் தமக்கென ஒரு வாழ்முறையை ஏன் உருவாக்கிக்கொள்ளவில்லை என்று கேட்டார். 2003 டிசம்பரில் வெளியான அவருடைய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில், உயிர்பிழைத்தவர்களின் எண்ணிக்கை ஒரு பலகையில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு மரணத்துக்கும் அது திருத்தப்படுகிறது. வாயேஜரின் 38 டார்பிடோக்களை நினைத்துக்கொண்டே அந்தப் பலகையை நான் பார்த்தேன்.

வாயேஜரின் கடைசி அத்தியாயத்தில் பூமி தெரிகிறது. வரவேற்கக் கலங்கள் சூழ்கின்றன. தொடர் அங்கேயே நின்றுவிடுகிறது. யாரும் தரையில் கால் வைப்பதில்லை. விட்ட இடங்கள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் நிரப்பினார்கள். ஸ்டார்ஃப்ளீட் முதலில் செவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததை 'பிகார்ட்' தொடர் சொன்னது. 2023இல் அவளைக் கேப்டனும் ஆக்கியது. 2021இல் தொடங்கிய 'ப்ராடிஜி' இயங்குபடத் தொடரில் சகோடேயும் ஒரு கலத்தின் கேப்டனாக வருகிறார். ஆகவே மாக்கியினர் மன்னிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த நீதிமன்றத்தில், எவருடைய சாட்சியத்தின் பேரில், ஜேன்வே அங்கே எழுந்து என்ன சொன்னார் என்பது மட்டும் இன்றுவரை திரையில் வரவில்லை.