மலிவு என்னும் ஆயுதம் – 3: யார் வாங்குகிறார்கள்?

ஐரோப்பாவில் புரோமின் விற்பதை நிறுத்தாவிட்டால் அமெரிக்கச் சந்தையையே சரக்கால் மூழ்கடிப்போம் என்று ஜெர்மன் உற்பத்தியாளர் கூட்டணியின் தூதர் யாக்கோப்சோன் மிரட்டியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ஆண்டு 1904. இடம், மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட். அங்கே புரோமின் தயாரித்துவந்த ஹெர்பர்ட் டோ மசியவில்லை. இங்கிலாந்துக்குச் சரக்கு போய்க்கொண்டேயிருந்தது.

டோ என்றதும் நமக்குப் போபால்தான் நினைவுக்கு வரும். அவர் தொடங்கிய கம்பெனி யூனியன் கார்பைடை வாங்கியது 2001இல். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. நான் சொல்வது அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய கதை. நிலத்தடி உப்புநீரிலிருந்து மின்சாரத்தால் புரோமின் பிரிக்கக் கற்றுக்கொண்ட ஓர் இளம் கம்பெனியின் கதை. தூக்க மருந்துக்கும் புகைப்படத் தொழிலுக்கும் அன்று புரோமின் இல்லாமல் முடியாது.

மிரட்டியபடியே செய்தார்கள். ஐரோப்பாவில் பவுண்டு 49 சென்ட்டுக்கு விற்ற சரக்கை அமெரிக்காவில் 15 சென்ட்டுக்கு இறக்கினார்கள். டோ அங்கே விற்றுவந்த விலை 36 சென்ட். அந்த விலைக்கு இனி யார் வாங்குவார்கள்?

இன்று இப்படி நடந்தால் உள்ளூர் உற்பத்தியாளர் அரசிடம் மனுக் கொடுப்பார். அதிகாரிகள் மூன்று கேள்வி கேட்பார்கள். சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே விற்கிறார்களா? உள்ளூர்த் தொழில் அடிபட்டிருக்கிறதா? அந்த அடிக்குக் காரணம் இந்த இறக்குமதிதானா? மூன்றும் நிரூபணமானால், குவிப்புத் தடுப்பு வரி. டெல்லியிலும் இதே முறைதான். அந்த மனுவை வாங்க 1904இல் அமெரிக்காவில் சட்டம் இல்லை. உலகின் முதல் குவிப்புத் தடுப்புச் சட்டம் அதே ஆண்டு பக்கத்து நாடான கனடாவில் பிறந்தது. டோ பிறந்த மண் அது. ஆனால் அவருடைய ஆலை இருந்ததோ எல்லைக்கு இந்தப் பக்கம்.

டோ அமெரிக்காவில் விற்பதையே நிறுத்தினார். நியூயார்க்கிலிருந்த தன் ஏஜென்ட் மூலம், லட்சக்கணக்கான பவுண்டு ஜெர்மன் சரக்கைச் சத்தமில்லாமல் 15 சென்ட்டுக்கு வாங்கினார். பொதி மாற்றி, ஐரோப்பாவுக்கே அனுப்பி, 27 சென்ட்டுக்கு விற்றார்!

ஜெர்மானியருக்குப் புரியவில்லை. அமெரிக்காவில் இவ்வளவையும் யார் வாங்குகிறார்கள்? டோ ஏன் இன்னும் விழவில்லை? விலையை 12 சென்ட்டாக்கினார்கள், பிறகு 10.5. குறைக்கக் குறைக்க டோவின் லாபம்தான் கூடியது. உண்மை தெரிந்தபோது சமாதானம் பேசுவதைத் தவிர வழியில்லை. 1908இல் ஒப்பந்தம்: ஜெர்மனியில் டோ விற்கமாட்டார், அமெரிக்காவில் அவர்கள் விற்கமாட்டார்கள்.

டோவின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் எதிரியின் சரக்கையே வாங்கிக் குவிக்கும் அளவுக்குக் கையில் பணமும், விற்க வெளிநாட்டுச் சந்தையும் எத்தனை ஆலைகளுக்கு இருக்கும்? மற்றவர்களுக்குச் சட்டம் ஒன்றே துணை. அமெரிக்காவில் அது வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

1916 ஜூலை. பால்டிமோர் துறைமுகத்துக்குள் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் நுழைகிறது. அதில் பீரங்கி இல்லை. வயிறு நிறைய இருந்தது துணிக்குப் போடும் சாயம். அடுத்த இரண்டே மாதத்தில் அமெரிக்கா தன் முதல் குவிப்புத் தடுப்புச் சட்டத்தை எழுதியது.

அந்தச் சாயம் ஏன் கடலுக்கடியில் ஒளிந்து வந்தது? அடுத்த வாரம் சொல்கிறேன்.